பழைய ரோமின் ஆட்சியும் வகுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் கிட்டத்தட்ட இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிறார்கள், வெப் சீரிஸ் பார்த்துவிட்டு வருபவர்களும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் குடியரசுக் காலத்துச் செய்திகள். பேரரசர்கள் கடைசியில்தான் வருவார்கள்.

1. ரோம்னாலே சீசர், பேரரசர் எல்லாம்தானே? குடியரசுன்னு தனியா ஒண்ணு இருந்துச்சா?

இருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இருந்தது. ரோமானியர் தாங்களே சொல்லிவந்த மரபுப்படி நகரம் உருவானது கி.மு. 753. முதலில் மன்னர்கள் ஆண்டார்கள். கி.மு. 509-இல் கடைசி மன்னன் டார்க்வினை விரட்டினார்கள். அன்றுமுதல் கி.மு. 27-இல் அகஸ்டஸ் கைக்கு எல்லாம் போய்ச் சேரும்வரை குடியரசு. தொடக்கக் காலத்துத் தேதிகள் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்பதால் அவற்றைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலியஸ் சீசர் பேரரசராக இருந்ததே இல்லை. அவர் குடியரசின் அதிகாரி. அந்த அமைப்பைக் கடைசியில் உடைத்தவர்களில் ஒருவர். முதல் பேரரசர் என்று நாம் சொல்வது அவருடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸை.

2. கான்சல் எதுக்கு ரெண்டு பேர்? சண்டை வராதா?

வரட்டும் என்றுதான் இரண்டு பேரை வைத்தார்கள். மன்னனை விரட்டியவர்களுக்கு, இன்னொருவன் மன்னனாக முளைத்துவிடுவானோ என்ற பயம் விடவே இல்லை. ஆகவே ஆட்சியின் உச்சியில் இரண்டு கான்சல்கள், பதவி ஓராண்டுக்கு மட்டும், ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் தடுக்கலாம். வீதியில் போகும்போது கான்சலுக்கு முன்னால் 12 பேர் பிரம்புக் கட்டைத் தோளில் சுமந்து நடப்பார்கள். ஊருக்கு வெளியே அந்தக் கட்டில் கோடரியும் செருகியிருக்கும். நகரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். உள்ளே குடிமகனின் உயிரைத் தன் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது என்பதற்கு அடையாளம் அது.

போர்க்களத்தில் இந்த ஏற்பாடு காலை வாரியதும் உண்டு. இரண்டு கான்சல்களும் ஒரே படையோடு போனால் ஒருநாள் இவர், மறுநாள் அவர் என்று மாறி மாறித் தலைமை ஏற்பார்கள். கி.மு. 216-இல் கன்னே என்ற இடத்தில் கார்த்தேஜ் தளபதி ஹானிபலிடம் ரோம் மாட்டியபோது நடந்ததும் அதுதான். கான்சல்களில் பவுலஸ் வேண்டாம் என்றார், வாரோ தன் முறை வந்த நாளில் படையை இறக்கினார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பவுலஸ் களத்தில் செத்தார், வாரோ தப்பித்து ஊர் திரும்பினார்.

3. நேரடியா கான்சல் தேர்தல்ல நிக்க முடியுமா?

முடியாது. படிப்படியாகத்தான் ஏறவேண்டும். முதலில் குவெஸ்டர், இது கருவூலக் கணக்குப் பார்க்கும் வேலை. நடுவில் விரும்பினால் ஈடில்: தெரு, சந்தை, திருவிழா விளையாட்டுகள் எல்லாம் இவர் பொறுப்பு. பிறகு பிரீட்டர், நீதி வழங்குபவர். அதற்குப் பிறகே கான்சல். கி.மு. 180-இல் வந்த சட்டம் இதற்கெல்லாம் வயது வரம்பு வைத்தது. கி.மு. 82-இல் சர்வாதிகாரியான தளபதி சுல்லாவின் காலத்தில் குவெஸ்டருக்கு 30, கான்சலுக்கு 42 என்று நிலைபெற்றது. இந்த 42-ஐ நினைவில் வையுங்கள், 15-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

எந்தப் பதவிக்கும் சம்பளம் கிடையாது. ஈடிலாக இருப்பவர் விளையாட்டுகளுக்குச் சொந்தக் காசையும் போடவேண்டும். சீசர் கி.மு. 65-இல் ஈடிலாக இருந்தபோது கடன்மேல் கடன் வாங்கி விமரிசையாக நடத்தினார். போட்ட காசை அப்புறம் ஏதாவது ஒரு மாகாணத்துக்கு ஆளுநராகப் போய் அந்த ஊர் மக்களிடம் வசூலித்துக்கொள்வது பலருக்கு வழக்கம்.

4. செனட்டுன்னா நம்ம நாடாளுமன்றம் மாதிரிதானே?

இல்லை. செனட்டர்களை யாரும் ஓட்டுப்போட்டு அனுப்புவதில்லை, செனட் சட்டம் இயற்றுவதும் இல்லை. பதவி வகித்தவர்கள் வந்து சேரும் அவை அது. சுல்லா காலத்திலிருந்து குவெஸ்டர் ஆனாலே ஆயுளுக்கும் செனட்டர். எண்ணிக்கை முதலில் சுமார் 300. சுல்லா 600 ஆக்கினார், சீசர் 900 வரை கொண்டுபோனார், அகஸ்டஸ் மீண்டும் 600-க்கு இறக்கினார்.

சட்டப்படி செனட் செய்வது ஆலோசனை சொல்வது மட்டுமே. ஆனால் கருவூலமும் வெளியுறவும் யாருக்கு எந்த மாகாணம் என்பதும் அதன் கையில் இருந்தன. ஓராண்டு கான்சலாக இருந்துவிட்டு மீதிக் காலம் முழுக்க அதே அவையில் அதே ஆட்கள் நடுவே உட்காரப் போகிறவர், அவர்களை எதிர்த்துக்கொள்ளத் துணிவாரா? ஒழுங்காக நடக்காதவர்களைச் சென்சர்கள், அதாவது குடிமக்களையும் சொத்தையும் கணக்கெடுக்கும் அதிகாரிகள், பட்டியலிலிருந்து நீக்கலாம். கி.மு. 70-இல் ஒரே மூச்சில் 64 பேரை வெளியேற்றினார்கள்.

5. பட்ரீசியன்னா பணக்காரன், பிளெபியன்னா ஏழை. சரிதானே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பட்ரீசியன் என்பது பிறப்பு: சில பழைய குடும்பங்களில் பிறந்தவர்கள். அந்தக் குடும்பங்களில் பிறக்காத குடிமக்கள் எல்லாரும் பிளெபியன். ரோமின் பெரும் பணக்காரரான கிராசஸ் பிளெபியன். சீசரோடு மோதிய தளபதி பாம்பே பிளெபியன். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவும் பிளெபியன்தான். தொடக்கத்தில் பதவியும் நிலமும் பட்ரீசியன்களிடம் குவிந்திருந்தது உண்மை. ஆனால் கி.மு. முதல் நூற்றாண்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பிரிவை வைத்து ஒருவரின் வசதியைச் சொல்லவே முடியாது.

சுல்லா அசல் பட்ரீசியன். ஆனால் இளமையில் சொந்த வீடில்லாமல் ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார், வாடகை 3,000 செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு). அதே கட்டடத்தில் மாடியில் குடியிருந்தவர் விடுதலை பெற்ற ஓர் அடிமை. அவர் கொடுத்தது 2,000. பிற்காலத்தில் சுல்லா ரோமையே ஆட்டிப்படைத்தபோது அந்த மாடிக்காரர் இந்தக் கணக்கை முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டினார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

ரோமில் ஒருவர் யார் என்று தெரிய மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறப்பால் பட்ரீசியனா, பிளெபியனா? சென்சர் கணக்கெடுப்பில் சொத்து எவ்வளவு? சட்டத்தின் கண்ணில் சுதந்திரமாகப் பிறந்தவரா, விடுதலை ஆனவரா, அடிமையா? மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கி, மேலே பட்ரீசியன், நடுவில் பிளெபியன், கீழே அடிமை என்று கூம்பு வரைகிற பாடப்புத்தகப் படங்கள்தான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்பது என் கட்சி.

6. அப்போ பட்ரீசியன், பிளெபியன் எல்லாம் நம்ம ஊர் சாதி மாதிரின்னு சொல்லலாமா?

பிறப்பால் வருவது, ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இரு பிரிவுக்கும் இடையே கல்யாணத்துக்குத் தடை என்பதையெல்லாம் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அந்தத் தடை கி.மு. 445-இல் ஒரு சட்டத்தாலேயே நீங்கிவிட்டது. தொழில் பிறப்போடு ஒட்டவில்லை, தீட்டு என்ற எண்ணமும் இதில் இல்லை. பட்ரீசியன் குடும்பங்கள் குறைந்துபோனபோது சீசரும் அகஸ்டஸும் பிளெபியன் குடும்பங்கள் சிலவற்றைச் சட்டம் போட்டே பட்ரீசியன் ஆக்கினார்கள். நான் இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்துவதில்லை. அது இரண்டு பக்கத்தையும் தப்பாகக் காட்டும்.

7. பிளெபியன்கள் உரிமையை எப்படி வாங்கினாங்க? புரட்சியா?

வேலைநிறுத்தம் என்று சொல்லலாம். கி.மு. 494-இல் கடன் தொல்லை தாங்காமல், படையில் சேரவேண்டிய பிளெபியன்கள் ஊரைவிட்டுப் புனித மலை என்ற குன்றுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்பது மரபு. சுற்றிலும் பகை, வீரர்கள் இல்லாமல் பட்ரீசியன்கள் என்ன செய்வார்கள்? இறங்கிவந்தார்கள். பிளெபியன்கள் தங்களுக்கென்று டிரிப்யூன்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர்கள் எண்ணிக்கை 10 ஆனது. டிரிப்யூன்மேல் கைவைப்பவன் தெய்வக் குற்றவாளி. அதிகாரியோ செனட்டோ எடுக்கும் முடிவை ஒரு டிரிப்யூன் எழுந்து நின்று தடுத்துவிடலாம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கி.மு. 451-450-இல் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைக்கப்பட்டன. 367-இல் கான்சல் பதவி திறந்தது. 326-இல் கடனுக்காக ஆளையே பிணையாக வைக்கும் முறை ஒழிந்தது. 287-இல் பிளெபியன் சபை எடுக்கும் முடிவு பட்ரீசியன்கள் உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றானது. இருநூறு ஆண்டுப் போராட்டம். பலன் அதிகமாகப் போய்ச் சேர்ந்தது வசதியான பிளெபியன்களுக்கு. அவர்கள் பட்ரீசியன்களோடு சம்பந்தம் செய்துகொண்டு புதிய மேல்தட்டு ஆனார்கள்.

8. பட்ரீசியன் டிரிப்யூன் ஆகக் கூடாதுன்னா, கிளாடியஸ் வம்சத்து கிளோடியஸ் எப்படி ஆனார்?

தத்துப் போனார். கிளோடியஸ் மிகப் பழைய பட்ரீசியன் குடும்பத்து ஆள். சிசரோவைப் பழிவாங்க டிரிப்யூன் பதவி தேவைப்பட்டது. கி.மு. 59-இல், தன்னைவிட வயது குறைந்த ஃபோன்டேயஸ் என்ற பிளெபியன் தன்னை மகனாகத் தத்தெடுக்க ஏற்பாடு செய்தார். சீசர் உடனிருந்து முடித்துக்கொடுத்தார். மறு ஆண்டே டிரிப்யூன். ரோம் மக்களுக்கு மாதாமாதம் இலவசத் தானியம், சிசரோவுக்கு நாடுகடத்தல் என்று இரண்டும் நடந்தன. தந்தை மகனைவிட இளையவர் என்பதைப் பற்றிச் சிசரோ பொருமித் தள்ளினார். தத்து செல்லுபடியானது.

9. எல்லாருக்கும் ஓட்டு இருந்துச்சுல்ல? அப்போ ஜனநாயகம்தானே?

சுதந்திரமான ஆண் குடிமக்கள் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. ஆனால் தலையை எண்ணவில்லை. கான்சலைத் தேர்ந்தெடுத்த சபையில் மக்களைச் சொத்து அளவுப்படி 193 குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு ஓட்டு. பழைய ஏற்பாட்டில் குதிரை வீரர்களுக்கு 18 குழுக்கள், முதல் சொத்து வகுப்புக்கு 80. கூட்டிப் பாருங்கள், 98. பாதிக்கு மேல் வந்துவிட்டது. சொத்தே இல்லாதவர்கள், அதாவது பெருங்கூட்டம், மொத்தமும் ஒரே ஒரு குழு.

மேல் வகுப்பிலிருந்து வரிசையாக ஓட்டெடுப்பார்கள், பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். பணக்காரர்கள் ஒத்துப்போய்விட்டால் ஏழைகள் முறை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் முதல் வகுப்பை 70 ஆகக் குறைத்தார்கள், அவ்வளவுதான் சலுகை. டிரிப்யூன்களைத் தேர்ந்தெடுத்த சபையில் சொத்துக் கணக்கு கிடையாது. அங்கே 35 வட்டங்கள். ஆனால் நகரத்து மக்களுக்கு அதில் 4 மட்டும், மீதி 31 கிராமப்புறம். தவிர, ஓட்டுப்போட நேரில் ரோமுக்கு வரவேண்டும். தொலைவூரிலிருந்து யார் வருவார்கள்? நிலபுலன் உள்ளவர்தான்.

10. அந்தக் காலத்துலயும் ஓட்டுக்குக் காசு கொடுத்தாங்களாமே?

தாராளமாகக் கொடுத்தார்கள். வட்டம் வட்டமாகப் பணம் பிரித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த தரகர்கள் உண்டு. தடுக்கச் சட்டம் மேல் சட்டம் போட்டார்கள். கி.மு. 54 தேர்தலில் வேட்பாளர்கள் வாரி இறைக்கக் கடன் வாங்கியதில் ரோமில் வட்டி விகிதமே 4 சதவீதத்திலிருந்து 8 ஆக ஏறியது என்று சிசரோ கடிதத்தில் எழுதுகிறார்.

கி.மு. 139 வரை ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு மெழுகு பூசிய சிறு பலகையில் எழுதிக் கூடையில் போடும் முறை வந்தது. ஓட்டுப் போடுபவர் ஒருவர்பின் ஒருவராக ஒரு குறுகிய மரப்பாலத்தில் ஏறிப் போகவேண்டும். அங்கே பெரிய மனிதர்களின் ஆட்கள் நின்று எட்டிப் பார்ப்பது வழக்கமாக இருந்ததால், பின்னாளில் பெரிய தளபதியான மாரியஸ் கி.மு. 119-இல் டிரிப்யூனாக இருந்தபோது அந்தப் பாலத்தை இன்னும் குறுக்கச் சட்டம் கொண்டுவந்தார்.

சுவர் விளம்பரமும் உண்டு. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி ஊரின் சுவர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு எழுதியவை இன்னும் இருக்கின்றன. பழ வியாபாரிகள் எல்லாரும் இன்னாரை ஆதரிக்கிறார்கள் என்று ஒன்று. வாட்டியா என்ற வேட்பாளருக்கு மட்டும் 'சில்லறைத் திருடர்கள் ஆதரவு', 'இரவில் நேரங்கழித்துக் குடிப்பவர்கள் ஆதரவு' என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்க்கட்சி வேலையா, நண்பர்களின் குசும்பா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

11. ஈக்விட்டீஸ்னா குதிரைப் படையா, வியாபாரிகளா?

தொடக்கத்தில் குதிரைப் படை. பிறகு குதிரையைவிடச் சொத்து முக்கியமாகி, செனட்டர்களுக்கு அடுத்த செல்வர் வகுப்பு ஆனது. தகுதி 4,00,000 செஸ்டர்ஸ். அகஸ்டஸ் செனட்டர்களுக்கு 10,00,000 என்று வைத்தார். சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கி.மு. 67-இல் நாடக அரங்கில் முதல் 14 வரிசைகள் இவர்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்டன.

செனட்டர்கள் பெரிய சரக்குக் கப்பல் வைத்திருக்கக் கூடாது என்று கி.மு. 218-இல் சட்டம் வந்தது. அரசு ஒப்பந்தங்களும் மாகாண வரி வசூல் குத்தகையும் இந்த வகுப்பில் ஒரு சாராருக்குப் போயின. மற்றபடி பெரும்பாலானோர் நிலச்சுவான்தார்கள்தான். வெறும் வியாபாரி வகுப்பு என்று எழுதிவிடாதீர்கள். சிசரோவின் குடும்பமும் இதே வகுப்பு. முன்னோர் யாரும் பதவியில் இல்லாத குடும்பத்திலிருந்து வந்து கி.மு. 63-இல் அவர் கான்சல் ஆனது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது.

12. பெண்களுக்கு ஒண்ணுமே இல்லையா?

ஓட்டும் பதவியும் இல்லை. ஆனால் குடிமக்கள்தான், சொத்து வைத்திருக்கலாம். கி.மு. 195-இல் நகைக்கும் வண்ண உடைக்கும் கட்டுப்பாடு விதித்த பழைய போர்க்காலச் சட்டத்தை நீக்கச் சொல்லிப் பெண்கள் வீதியை அடைத்து நின்றார்கள், சட்டம் போயிற்று. கி.மு. 42-இல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1,400 பணக்காரப் பெண்களிடம் வரி கேட்டபோது, ஹார்டென்சியா என்பவர் மன்றத்தில் ஏறி, எங்களுக்குப் பங்கில்லாத ஆட்சிக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும் என்ற பொருளில் பேசினார். எண்ணிக்கை 400 ஆகக் குறைந்தது. பொம்பேயிச் சுவர்களில் பெண்கள் பெயரிலும் ஆதரவு விளம்பரங்கள் இருக்கின்றன.

13. அடிமையை விடுதலை பண்ணினா குடிமகன் ஆயிடுவானா? நம்பவே முடியலையே?

ரோமானியக் குடிமகன் ஒருவர் முறைப்படி விடுதலை செய்தால், ஆம். கிரேக்க நகரங்களில் இது கிடையாது, அவர்களுக்கே வியப்பாக இருந்தது. விடுதலை ஆனவர் எஜமானின் பெயரை எடுத்துக்கொள்வார். சிசரோவின் செயலாளர் டிரோ, மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ ஆனார். ஓட்டு உண்டு, அதை அந்த 4 நகர வட்டங்களில்தான் போடவேண்டும் (9-ஆம் கேள்வி). தானே பதவிக்கு வர முடியாது, ஆனால் விடுதலைக்குப் பின் பிறந்த மகனுக்குத் தடையில்லை. கி.பி. 193-இல் பேரரசரான பெர்டினாக்ஸின் தந்தை விடுதலை பெற்ற அடிமை.

ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலருகே யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரர் கட்டிய கல்லறை இன்றும் நிற்கிறது. இவரும் விடுதலை ஆனவராக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. கல்லறையின் முகப்பில் வரிசையாகப் பெரிய வட்ட ஓட்டைகள், மாவு பிசையும் தொட்டிகள் போல. மேலே சுற்றிலும் ஒரு சிற்பப் பட்டை: கழுதைகள் மாவு அரைக்கும் திரிகையைச் சுற்றுகின்றன, ஆட்கள் மாவைச் சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், கடைசியில் ரொட்டியை நிறுத்துப் பார்க்கிறார்கள். அரசுக்கு ரொட்டி ஒப்பந்தம் எடுத்தவர் என்று கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு அடிமை முறையை மென்மையானது என்று நினைக்கவேண்டாம். வீட்டில் வேலை செய்தவர்களுக்கு விடுதலை வாய்ப்பு. சுரங்கத்திலும் பெரும் பண்ணையிலும் இருந்தவர்களுக்கு அது கனவு. கி.பி. 61-இல் பெடானியஸ் செகுண்டஸ் என்ற பெரிய அதிகாரியை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். பழைய வழக்கப்படி அந்த வீட்டு அடிமைகள் 400 பேருக்கும் மரண தண்டனை. ஊர் மக்கள் எதிர்த்துக் கூடினார்கள். செனட் விவாதித்தது, பிறகு வழியெங்கும் படைவீரர்களை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

14. கிராக்கஸ் சகோதரர்கள் ஏழை மக்கள் கட்சிதானே?

ஏழைகளுக்காகச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஏழைகள் அல்ல, கட்சியும் அல்ல. பிறப்பால் பிளெபியன், குடும்பமோ உச்சாணிக் கொம்பு: ஹானிபலை வென்ற சிப்பியோவின் பேரன்கள். பொது நிலத்தில் ஆளுக்கு 500 யுகேரா, அதாவது சுமார் 300 ஏக்கர் என்ற வரம்பைத் தாண்டி வளைத்ததை மீட்டு, நிலமற்றவர்களுக்குப் பிரிக்க டைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133-இல் முயன்றார். சக டிரிப்யூன் ஒருவர் தடுத்தார். 7-ஆம் பதிலில் சொன்ன அதே தடுப்புரிமை, இப்போது பணக்காரர் பக்கம் நின்றது. டைபீரியஸ் அவரைப் பதவியிலிருந்தே நீக்கவைத்தார், இது அதுவரை கேள்விப்படாதது. அதே ஆண்டு செனட்டர்கள் கூட்டமாக வந்து டைபீரியஸை அடித்துக் கொன்றார்கள். தம்பி கையஸ் 121-இல் செத்தார். கட்சிபோல் சொல்லப்படும் பாப்புலாரஸ் (மக்கள் சபை வழியாகக் காரியம் சாதிப்பவர்கள்), ஆப்டிமேட்ஸ் (செனட்டின் பக்கம் நிற்பவர்கள்) என்பவை அரசியல் செய்யும் விதத்துக்கு வைத்த பெயர்கள்; உறுப்பினர் அட்டையோ கொள்கை அறிக்கையோ கிடையாது.

15. அகஸ்டஸ் வந்ததும் இந்தப் பதவியெல்லாம் ஒழிஞ்சு போச்சா?

ஒன்றுகூட ஒழியவில்லை. கான்சல் தேர்வு நடந்தது, செனட் கூடியது. அகஸ்டஸ் மன்னன் என்ற பெயரையும் சர்வாதிகாரி பதவியையும் ஏற்க மறுத்தார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றிருந்த அந்த நெருக்கடிக் காலப் பதவியை வாழ்நாளுக்கு எடுத்துக்கொண்ட சீசர் கி.மு. 44-இல் குத்துப்பட்டுச் செத்ததை அவர் மறப்பாரா? அதற்குப் பதில் கி.மு. 23 முதல் டிரிப்யூனின் அதிகாரத்தை மட்டும் ஆயுளுக்கு வாங்கிக்கொண்டார். பட்ரீசியன் என்பதால் அந்தப் பதவி கிடையாது, அதிகாரம் மட்டும். 8-ஆம் பதிலில் வந்த கிளோடியஸுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். மக்கள் ஓட்டுப்போடச் சீசர் திட்டமிட்ட பெரிய பளிங்கு மண்டபம் கி.மு. 26-இல் கட்டி முடிந்தது. ஓட்டுக்கு மதிப்பு போனபின். அதில் பிறகு வாட்போர் வேடிக்கை நடத்தினார்கள். கி.பி. 14-இல் அதிகாரிகள் தேர்தல் செனட்டுக்கே மாறியது.

பதவிப் பெயர்கள் மட்டும் இப்படி நீடித்ததற்குச் சான்று நம் ஊர் மண்ணிலேயே கிடக்கிறது. கோவை வட்டாரத்துப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒன்றின் ஒரு பக்கம் அகஸ்டஸ் தலை. மறுபக்கம் அவருடைய பேரன்களும் தத்துப்பிள்ளைகளுமான கையஸும் லூசியஸும், கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். சுற்றி எழுதியிருப்பது: அகஸ்டஸின் புதல்வர்கள், கான்சலாக அறிவிக்கப்பட்டவர்கள், இளைஞர்களின் தலைவர்கள். இளைஞர்கள் என்றால் ஈக்விட்டீஸ் வகுப்பு இளைஞர்கள். கான்சல் பதவி அவர்களுக்கு அறிவிக்கப்பட்டபோது வயது 15-ஐ ஒட்டி. ஏற்பது ஐந்தாண்டு கழித்து என்று ஏற்பாடு. 42 என்ற வரம்பு என்ன ஆயிற்று என்று கேட்க அப்போது ஆளில்லை. கான்சல் என்ற பதவிப் பெயர் மட்டும் கி.பி. 541 வரை ஓடியது.